அறுபத்தைந்தும் அறுபத்தாறும்

கோல்ஃபில் சிபாரிசு செல்லாது என்பார்கள். தேர்வுக்குழு கூடிப் பேச வேண்டாம், கோச்சுக்கு உங்களைப் பிடிக்க வேண்டாம், உங்கள் அப்பா யாரென்று யாரும் கேட்கப்போவதில்லை. பந்தை எத்தனை முறை அடித்துத் துளைக்குள் போட்டீர்கள் என்கிற எண் ஒன்றுதான் கணக்கு. குறைவாக அடித்தவன் உள்ளே, கூடுதலாக அடித்தவன் வெளியே. எண் பொய் சொல்லாது.

இந்த வாதத்தின் கர்ப்பக்கிரகம், அமெரிக்காவின் பிஜிஏ டூர் நடத்தும் தகுதிப் போட்டி. ஆட்டக்காரர்கள் அதை கியூ-ஸ்கூல் என்கிறார்கள். பெயர்தான் ஸ்கூல். இன்றைக்கு அங்கே யாரும் எதையும் கற்றுத்தருவதில்லை, பரீட்சை மட்டும்தான். தேறினால் டூர் கார்டு, அதாவது அடுத்த வருடம் பெரிய பணம் புரளும் போட்டிகளில் ஆடும் உரிமை. தேறாவிட்டால் சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடி, கடன் வாங்கி, அடுத்த வருடம் மறுபடி. மாக் ஓ'கிராடி என்பவர் பதினாறு முறை தோற்று, பதினேழாவது முறை, 1982இல் தேறினார். ஊக்கப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதை அல்வா. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு முழு டவுன்ஹால் கூட்டமே இதை வைத்து ஓடியது. "உலகத்திலேயே சுத்தமான மெரிட் சிஸ்டம் இதுதான். நம்ம ஹயரிங்கும் இப்படித்தான் இருக்கணும்" என்றார் மேடையில் இருந்தவர். முன்வரிசை கைதட்டியது.

எனக்கு கோல்ஃப் பிடிக்கும். நார்த் கரோலினாவில் ஆன்சைட்டில் இருந்த இரண்டு வருடம், வாரக் கடைசிகளில் ஒரு பொது மைதானத்தில் ஆடக் கற்றுக்கொண்டேன். பதினெட்டுத் துளைகளை நூறு அடிகளுக்குள் முடித்தது இரண்டே தடவை. அதனால் ஆட்டத்தின் மேல் எனக்கு வன்மம் எதுவும் இல்லை. இந்தச் ‘சுத்தம்’ என்கிற சொல்மேல்தான்.

பொய் சொல்லாத அந்த எண்ணிலிருந்தே தொடங்குவோம்.

1999. மயாமி பக்கத்தில் டொரால் மைதானம். கியூ-ஸ்கூலின் இறுதிக் கட்டம், ஆறு நாள், ஆறு சுற்று. ஜாக்ஸன் பிரிக்மன் என்ற ஆட்டக்காரர் கடைசி நாள் 65 அடிக்கிறார். அது அவருக்குக் கார்டு வாங்கித்தரப் போதுமான எண். கோல்ஃபில் உங்கள் ஸ்கோர்கார்டை உடன் ஆடுகிறவர் எழுதுவார், நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதின்மூன்றாவது துளையில் பிரிக்மன் அடித்தது மூன்று. கார்டில் இருந்தது நான்கு. அவர் கவனிக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளியேற்றம். கூடுதலாக எழுதிப் போட்டால் அந்தக் கூடுதல் எண்ணே செல்லும். இதுதான் விதி. ஆக 66. ஒரே ஒரு அடியில் கார்டு போயிற்று.

அவர் 65 அடித்தார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. கூட ஆடியவருக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியும். ஆனாலும் 66. ஐயா, பொய் சொல்லாத எண் என்றீர்களே, அது இதில் எது?

விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்த விதி, ஏதோ ஒரு காகிதம் இறுதியாக இருந்தாகத்தான் வேண்டும். எங்கள் தொழிலிலும் இப்படித்தான், டேட்டாபேஸில் இருப்பதுதான் உண்மை, வாடிக்கையாளர் நேரில் வந்து அழுதாலும் சரி. ஆனால் அன்று சாயங்காலம் அளக்கப்பட்டது கோல்ஃப் அல்ல, கணக்குப்பிள்ளை வேலை. ஆறு நாள் ஆட்டத்தை அளந்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் சரிபார்ப்பை அளந்து, இரண்டுக்கும் சேர்த்து ‘தகுதி’ என்று ஒரே பெயர் வைத்தார்கள்.

அடுத்த வருடமே இன்னொன்று. 2000, கலிஃபோர்னியாவின் லா கின்டா. ஜோ டேலி என்பவர் நான்காவது சுற்றில், பதினேழாவது துளையில், பக்கத்திலிருந்து பந்தை உருட்டுகிறார். பந்து துளைக்குள் விழுகிறது. விழுந்த பந்து துள்ளி வெளியே வந்துவிடுகிறது. துளைக்குள் வைக்கும் கிண்ணம் சரியாகப் பதியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பந்து உள்ளே நின்றால்தான் கணக்கு, ஆக இன்னொரு அடி. அவரும் இறுதியில் ஒரே ஒரு அடியில் கார்டைத் தவறவிட்டார்.

விபத்துகளை வைத்து வாதம் பண்ணக்கூடாது, எந்த விளையாட்டிலும் இப்படி நடக்கும் என்பீர்கள். சரி, விபத்தை விடுங்கள். ஆறு சுற்று என்றால் 108 துளைகள். நல்ல ஆட்டக்காரர் அதற்கு ஏறத்தாழ 420 அடிகள் எடுப்பார். ஒரு அடி வித்தியாசம் என்பது அதில் கால் சதவீதம்கூட இல்லை. ஏ/பி டெஸ்ட் ரிசல்ட்டில் இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், "இது வெறும் இரைச்சல்ப்பா, இன்னும் டேட்டா எடுத்துட்டு வா" என்பார் என் மேனேஜர். அதே மேனேஜர்தான் டவுன்ஹாலில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பட்டன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கப் போதாத வித்தியாசம், ஒரு ஆளின் ஒரு வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போதும்!

ஆனால் இது எதுவும் என் முக்கியப் புகார் இல்லை. முக்கியப் புகார் கேஸி மார்ட்டின் வழக்கில் இருக்கிறது.

மார்ட்டின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் டைகர் வுட்ஸுடன் சேர்ந்து ஆடியவர். பிறவியிலேயே வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு. காலுக்குப் போன ரத்தம் ஒழுங்காக இதயத்துக்குத் திரும்பாது. கால் சூம்பிவிட்டது, எலும்பு பலவீனம். நடந்தால் வலி மட்டுமல்ல, உள்ளே ரத்தக்கசிவு, ரத்தக்கட்டு, எலும்பு முறிவு எதுவும் வரலாம், முறிந்தால் காலையே எடுக்க நேரலாம். ஆனால் பந்தை அடிப்பதில் ஒரு குறையும் இல்லை.

1997இல் அவர் கியூ-ஸ்கூலுக்கு வருகிறார். அன்றைய ஏற்பாடு இது. 3,000 டாலர் நுழைவுக் கட்டணமும் இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் இருந்தால் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் சேரலாம். (சிபாரிசு செல்லாத விளையாட்டின் விண்ணப்பத்தோடு இரண்டு சிபாரிசுக் கடிதம் இணைக்க வேண்டும் என்பதை நான் கற்பனை செய்யவில்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது.) முதல் கட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் வருவார்கள், நான்கு சுற்று. ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டாம் கட்டம், மறுபடி நான்கு சுற்று. அதில் தப்பிய 168 பேர் சுமார் மூன்றாம் கட்டம், ஆறு சுற்று. அவர்களில் கால்வாசிப் பேருக்குக் கார்டு.

முதல் இரண்டு கட்டங்களிலும் பேட்டரி காரில் போய் ஆடலாம், யார் வேண்டுமானாலும். நம் ரயில்வே ஸ்டேஷன்களில் வயசானவர்களை ஏற்றிக்கொண்டு போகுமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிதான். மூன்றாம் கட்டத்தில் மட்டும் கூடாது, நடக்க வேண்டும். மார்ட்டின் தன் மருத்துவ ஆவணங்களோடு விண்ணப்பித்தார், மூன்றாம் கட்டத்திலும் வண்டி வேண்டும் என்று. டூர் ஆவணங்களைப் பார்க்கவே மறுத்துவிட்டது. அவர் வழக்குப் போட்டார்.

டூரின் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? நடப்பது இந்த ஆட்டத்தின் உயிர் என்றது. களைப்பும் பரீட்சையின் ஒரு பகுதி, ஒருவருக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தால் ஆட்டத்தின் தன்மையே மாறிவிடும் என்றது. ஆர்னால்ட் பால்மர், ஜாக் நிக்லஸ் மாதிரி மலைகளெல்லாம் டூருக்காகச் சாட்சி சொன்னார்கள். கென் வென்டூரியும் வந்தார். 1964 யு.எஸ். ஓபனின் கடைசி நாள், கொளுத்தும் வெயிலில் ஒரே நாளில் 36 துளைகள் நடந்து, மயங்கி விழாத குறையாக ஜெயித்தவர். அவர் சொன்னால் யாருக்கும் கண் கலங்கும்.

ஆனால் கோர்ட்டில் கண்ணீர் மட்டும் போதாது இல்லையா. ஒரு உடலியல் நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். பதினெட்டுத் துளைகள் நடந்தால் செலவாவது சுமார் 500 கலோரி, ஒரு பிக் மேக் பர்கரைவிடக் குறைவு. அதுவும் ஐந்து மணி நேரத்தில், நின்று நின்று, தண்ணீர் குடித்துக்கொண்டு. வண்டி அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் தாங்களாகவே நடக்கத்தான் விரும்புகிறார்கள் என்பதும் வெளியே வந்தது. நடந்தால் படபடப்பு குறைகிறதாம், தரை பிடிபடுகிறதாம். மூத்த ஆட்டக்காரர்களுக்கான சீனியர் டூரில் அதே அமைப்பு வண்டியை அனுமதிக்கிறது என்பதும் வந்தது. வண்டியில் போனாலும் மார்ட்டின் ஒரு சுற்றுக்கு ஒரு மைலுக்கு மேல் நடக்கத்தான் வேண்டும். வண்டியோடு அவர் படும் களைப்பு, நல்ல கால் உள்ளவர்கள் நடந்து படும் களைப்பைவிட அதிகம் என்று விசாரணை நீதிமன்றம் பதிவு செய்தது. இதற்கிடையில், 1998 ஜனவரியில், நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு வண்டியில் போய் ஆடி, இரண்டாம் நிலை டூரின் ஒரு போட்டியை லேக்லேண்டில் மார்ட்டின் ஜெயித்தே காட்டிவிட்டார்.

2001 மே 29. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று மார்ட்டின் பக்கம். நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் நம்ம ஊர் டீக்கடையில் சொல்லிவிடக்கூடியது. நீ காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிற இடம் இது, பாகுபாடு காட்டக்கூடாது என்கிற சட்டம் உனக்கும் உண்டு. ஆட்டத்தின் சாரம் பந்தை அடிப்பது, நடப்பது அல்ல.

மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஸ்கலியா. வயிற்றெரிச்சலும் நகைச்சுவையும் கலந்த எழுத்து, இலக்கிய வாசகர்கள் தேடிப் படிக்கலாம், முடிவில் கர்ட் வானகட்டின் சிறுகதை ஒன்றைக்கூடக் கூப்பிடுகிறார். அவர் வாதம் இது. விளையாட்டு விதிகள் எல்லாமே மனம்போன போக்கில் வைத்தவைதான். எது சாரம், எது சாரமில்லை என்று சொல்ல எவனாலும் முடியாது. துளைக்கு ஏன் அந்த அளவு, சுற்றுக்கு ஏன் பதினெட்டு? வைத்தார்கள், இருக்கிறது. அவ்வளவுதான்.

கேட்டால் கோபப்படுவீர்கள், இந்த இடத்தில் எனக்கு ஸ்கலியாவைத்தான் பிடிக்கிறது. முடிவில் அல்ல, ஒப்புதலில். இரு தரப்பிலும், விதிகளுக்குப் பின்னால் புனிதம் எதுவும் இல்லை என்று இவ்வளவு பச்சையாகச் சொன்னவர் அவர்தான். டூர் அப்படிச் சொல்லத் துணியவில்லை. அது ‘உயிர்’, ‘தன்மை’, ‘மரபு’ என்று பேசியது. ஸ்கலியா சொல்வது சரியென்றால், அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வர யாருக்கும் உரிமை இல்லை. மனம்போன போக்கில் வைத்த விதியில் தேறியவர், அந்த விதியில் தேறியவர். அதைத் தாண்டி அவர் உயர்ந்தவரும் அல்ல, தவறியவர் தாழ்ந்தவரும் அல்ல. பிறகு எதற்கு அதை ஆபீஸ் டவுன்ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்?

வந்தார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். அதே கம்பெனியில் புது எஞ்சினியர்களை எடுக்க ஒரு ஆன்லைன் டெஸ்ட். தொண்ணூறு நிமிடம், மூன்று கணக்கு. தென்மாவட்டத்துப் பையன் ஒருவன், வலது கையில் இரண்டு விரல்தான் ஒழுங்காக வேலை செய்யும். முப்பது நிமிடம் கூடுதலாக வேண்டும் என்று மெடிக்கல் சர்டிஃபிகேட்டோடு மெயில் அனுப்பியிருந்தான். ஹெச்.ஆர். எனக்கும் காப்பி போட்டிருந்தது. எங்கள் டீமில் யாரும் ஒரு நாளைக்கு ஐம்பது வரிக்கு மேல் கோடு எழுதுவதில்லை. மீதி நேரமெல்லாம் யோசிப்பது, படிப்பது, மீட்டிங். டைப்பிங் வேகத்துக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே கிடையாது. "குடுத்துரலாம்" என்று எழுதினேன். மேனேஜர் நேரில் கூப்பிட்டார்.

"ப்ரோ, ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். கியூ-ஸ்கூல்ல எவனாச்சும் எனக்கு மட்டும் தனியான்னு கேப்பானா?"

"கேட்டாங்க. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்க் கேட்டாங்க. ஜெயிச்சாங்க."

"ஜெயிச்சாங்களா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, அது ஸ்போர்ட்ஸ். அது வேற, இது வேற."

இந்திய உச்ச நீதிமன்றமும் 2021 பிப்ரவரியில், யுபிஎஸ்சி தேர்வு எழுத உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில், இதே பாதையில்தான் போனது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு அவருக்கு. சட்டத்தில் உள்ள சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று மறுத்திருந்தார்கள். நியாயமான ஏற்பாடு செய்து தருவது தயவு அல்ல, சமத்துவத்தின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். அதையும் மெயிலில் எழுதினேன். பதில் வரவில்லை. பையன் டெஸ்ட் எழுதினான், இரண்டு கணக்கு முடித்து மூன்றாவதில் பாதியில் நேரம் முடிந்துவிட்டது. இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே கம்பெனியில் ஊழியர்கள் ரெஃபர் செய்து வருகிறவர்களுக்கு அந்த டெஸ்டே கிடையாது. நேராக இன்டர்வியூ.

டூரிலும் இது உண்டு. பெரும்பாலான போட்டிகளில் ஸ்பான்சர் விருப்பப்பட்ட சிலரை நேரடியாக உள்ளே அனுப்பலாம், எந்தத் தகுதிச் சுற்றும் ஆடாமல். டிக்கெட் விற்கும் முகமாக இருந்தால் போதும். கல்லூரி கோல்ஃப் ரேங்க் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கு இப்போதெல்லாம் கியூ-ஸ்கூல் பக்கமே போகாமல் கார்டு கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் ஏதோ நியாயம் இருக்கலாம். கதவு பல உண்டு, ஒரு கதவில் மட்டும்தான் தராசு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்வது. எல்லாப் பெருமையும் அந்தத் தராசைக் காட்டித்தான்.

தராசாவது நிலையானதா? முதல் கியூ-ஸ்கூல் 1965இல், ஃப்ளோரிடாவில். 17 பேருக்குக் கார்டு. அந்தக் காலத்தில் கார்டு கிடைத்தாலும் பெரும்பாலானோர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்னொரு தகுதிச் சுற்று ஆடி, அந்த வாரத்துக்கான இடத்தைப் பிடிக்க வேண்டும். ஊர் ஊராகத் துள்ளிக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கு ‘முயல்கள்’ என்று பெயர். 1983இல் அதை மாற்றி, பணப் பட்டியலில் முதல் 125 பேருக்கு வருடம் முழுக்க இடம் என்றார்கள். மார்ட்டின் காலத்தில் 168இல் கால்வாசிப் பேருக்குக் கார்டு. 2012இல் முதல் 25 பேருக்கும் அவர்களோடு சமன் செய்தவர்களுக்கும். அடுத்த வருடத்திலிருந்து பூஜ்ஜியம். ஆமாம், பத்து வருடம் கியூ-ஸ்கூலில் முதலிடம் பிடித்தாலும் பெரிய டூருக்கு நேரடி வழி கிடையாது, இரண்டாம் நிலை டூரில்தான் போய் ஆட வேண்டும். 2023 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள், ஐந்து பேருக்கும் சமன் செய்தவர்களுக்கும். 2024 நவம்பரில் சமன் செய்தவர்களையும் வெட்டினார்கள், ஐந்தென்றால் ஐந்துதான்.

17, நாற்பது சொச்சம், 25, பூஜ்ஜியம், ஐந்து. கோல்ஃப் ஆடும் திறமை இப்படியா ஏறி இறங்கும்? 2013இல் அமெரிக்காவில் தகுதியுள்ளவன் ஒருவனும் இல்லாமல் போய்விட்டானா?

இங்கே நான் முன்னே சொன்ன நார்த் கரோலினாவுக்கு வருகிறேன். கிரீன்ஸ்போரோ என்ற ஊர். 1955 டிசம்பர் 7 அன்று ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல்மருத்துவரும் நண்பர்கள் ஐந்து பேரும் கில்லெஸ்பி பார்க் மைதானத்துக்குப் போனார்கள். ஊராருடைய வரிப்பணத்தில் அமைந்த மைதானம், ஆனால் வெள்ளையர்களுக்கு மட்டும். கட்டணத்தை மேசையில் வைத்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். அத்துமீறல் என்று கைது. பிறகு வழக்கு நடந்து, மைதானத்தை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டிய நிலை வந்தபோது நகராட்சி மைதானத்தையே மூடிவிட்டது. 1962இல்தான் மறுபடி திறந்தது.

அதே ஊரில் செட்ஜ்ஃபீல்டு கன்ட்ரி கிளப். 1961இல் அங்கே நடந்த டூர் போட்டியில் சார்லி சிஃபோர்டு ஆடினார். தென் மாநிலங்களில் நடந்த டூர் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். முதல் சுற்றில் அவர் முன்னிலை. அன்று இரவு தொலைபேசியில் கொலை மிரட்டல். மறுநாள் துளைக்குத் துளை கூடவே நடந்து வந்து வசைபாடிய கூட்டம். அதோடு ஆடி நான்காவதாக முடித்தார். நடப்பது ஆட்டத்தின் உயிர் என்றார்களே, அன்று செட்ஜ்ஃபீல்டில் சிஃபோர்டு நடந்த நடையை எந்தக் கலோரிக் கணக்கில் சேர்ப்பது?

அந்தப் போட்டி நடந்தபோது, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி பிஜிஏவின் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருந்தது. கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் நெருக்கிய பிறகு 1961 நவம்பரில் நீக்கினார்கள். சிஃபோர்டுக்கு அப்போது 39 வயது. கைக்கு வலு இருந்த வருடங்களில் அவர் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கான தேசிய ஓபனை ஆறு முறை ஜெயித்திருந்தார். அந்த எண்களும் பொய் சொல்லாத எண்கள்தானே? டூரின் பதிவேட்டில் அவற்றுக்கு இடமில்லை. விதி போய் நான்கு வருடத்தில் கியூ-ஸ்கூல் வந்தது. அதனால் இது வந்தது என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் ‘எண் மட்டும்தான்’ என்று பெருமைப்படும் வீட்டில் நேற்றுவரை எண்ணைத் தவிர மற்றதெல்லாம் கேட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘தகுதி, திறமை’ என்ற இரட்டைச் சொல்லை யார், எப்போது, யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2010 ஆகஸ்ட். அதே செட்ஜ்ஃபீல்டு. ஆசன்சோலில் பிறந்த அர்ஜுன் அத்வால், 2003இல் கியூ-ஸ்கூல் வழியாகப் போய் பிஜிஏ டூர் கார்டு பெற்ற முதல் இந்தியர். இடையில் காயங்கள், ஆட்டச் சரிவு, சில வாரங்களுக்கு முன்புதான் கார்டு போயிருந்தது. முதலில் சொன்ன மேடைக் கணக்கின்படி அவர் அன்று தகுதியற்றவர். திங்கட்கிழமை ஒரே ஒரு சுற்று ஆடி, அந்த வாரத்துக்கான நான்கு இடங்களில் ஒன்றைப் பிடித்தார். வியாழக்கிழமை 61. ஞாயிற்றுக்கிழமை கோப்பை. பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர். திங்கட்கிழமைச் சுற்றிலிருந்து வந்து ஒருவர் ஜெயிப்பது 1986க்குப் பிறகு அதுவே முதல் தடவை.

இதைக் கேட்டதும் முன்வரிசை மறுபடி கைதட்டும். "பாத்தீங்களா, திறமை இருந்தா எப்படியும் வந்துருவான்." இல்லை சார். எப்படியும் வரவில்லை, திங்கட்கிழமை என்று ஒரு கதவு இருந்ததால் வந்தார். அந்தக் கதவைத்தான் 2024 நவம்பரில் டூர் இறுக்கியது. 144 பேர் ஆடும் போட்டியில் நான்கு திங்கள் இடங்கள், 132 பேர் என்றால் இரண்டு, 120 பேர் என்றால் ஒன்றும் இல்லை. முழு உரிமை உள்ளவர்களும் 125இலிருந்து 100 ஆகக் குறைவார்கள் என்று முடிவாயிற்று.

ஏன் குறைத்தார்கள்? ஆட்டம் மெதுவாகப் போகிறது, அத்தனை பேர் ஆடினால் இருட்டுவதற்குள் சுற்று முடிவதில்லை. இதுதான் சொன்ன காரணங்களில் முக்கியமானது. எனக்கு இந்தக் காரணத்தின்மேல் மரியாதை இருக்கிறது. சூரியன் இத்தனை மணிக்கு மறைகிறது, மைதானம் ஒன்றுதான், ஆக இத்தனை பேர்தான். சொன்னால் யாருக்கும் புரியும், யாருக்கும் அவமானமில்லை.

"எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆகணும்? உன் மாற்றுத் திட்டம் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். போடுங்கள். இடம் பத்து, வந்தவர்கள் ஆயிரம் என்றால் கோடு இல்லாமல் முடியாது. கோடு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, யார் அதைச் சுற்றிப் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளக்க வேண்டியதோடு சம்பந்தமில்லாத ஒன்று கோட்டுக்குள் வந்து மாட்டியிருந்தால், யாராவது வழக்குப் போடும்வரை காத்திராமல் நீங்களே எடுத்துவிடுங்கள். மார்ட்டின் ஜெயித்த பிறகு கோல்ஃப் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர் பிறகு ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கோச் ஆனார், 2016இல் அவருடைய அணி தேசியப் பட்டம் வென்றது. 2021 அக்டோபரில் அந்த வலது காலை எடுத்தே ஆக வேண்டி வந்தது.

எங்கள் கம்பெனியிலிருந்து அந்தப் பையனுக்குப் போன மெயிலில், ‘எங்கள் தகுதி வரம்பை நீங்கள் எட்டவில்லை’ என்று இருந்தது. ‘உங்களுக்குக் கொடுக்க எங்களிடம் முப்பது நிமிடம் இல்லை’ என்று எழுதியிருக்கலாம்.